ரெட்ரோ நைட்டும் ராயபுரத்துச் சட்டைக்காரர்களும்

ராயபுரத்திலிருந்து ஒரு நேயர் கேட்டிருந்தார்: "எங்க சர்ச் ஹால்ல ரெட்ரோ பார்ட்டி வைக்கிறோம், என்ன தீம் வைக்கலாம்?" பெல்பாட்டம், புள்ளி போட்ட ஃப்ராக், பெரிய கூலிங் கிளாஸ் எல்லாம் அவங்களே யோசிச்சுட்டாங்க. நான் சொல்ல வர்றது வேற. அந்த ஏரியாவுக்குன்னே ஒரு ரெட்ரோ இருக்கு.

முதல்ல ஊர்ப் பேரு. புனித பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் இராயப்பர் என்பார்கள். ராயபுரம் என்ற பேரே அதிலிருந்து வந்தது என்று சொல்வதுண்டு. ரயில் வந்தது பிறகுதான். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. அந்த ஸ்டேஷன் கட்டடம் இன்னும் நிக்குது, போய்ப் பாருங்க.

டிரைவர், கார்டு, டிக்கெட் பரிசோதகர் என்று ரயில்வே வேலைகளில் ஆங்கிலோ-இந்தியர்களைத்தான் பிரிட்டிஷ்காரர்கள் நிறைய வைத்தார்கள். ராயபுரம், பெரம்பூர் பக்கம் அவர்களுடைய குடும்பங்கள் பெருகின. ரயில்வே இன்ஸ்டிடியூட் என்றால் படிக்கிற இடம் இல்லைங்க, ஊழியர்களுக்கான கிளப். ஹவுசி ஆட்டம், பேண்டு, வால்ட்ஸ், ஃபாக்ஸ்ட்ராட், பின்னாடி ஜைவ். தவக்காலம் நாற்பது நாளும் ஆட்டம் கிடையாது, ஈஸ்டர் வந்தால் பால் டான்ஸ். சனிக்கிழமை ராத்திரி ஆடினவங்கதான் ஞாயிறு காலை பூசையில் முன்வரிசையில் இருப்பாங்க. வீட்டில் மஞ்சள் தேங்காய்ச் சோறும் கோளா உருண்டைக் குழம்பும். கிறிஸ்துமஸுக்கு ரோஸ் குக்கீஸ், அதாவது நம்ம அச்சு முறுக்கேதான்!

இதெல்லாம் எப்போ மங்கத் தொடங்கியது? ஒரு சட்டப் பிரிவைப் பார்த்தால் புரியும். அரசியல் சாசனத்தின் 336-ஆம் பிரிவு ரயில்வே, சுங்கம், தபால் தந்தி வேலைகளில் ஆங்கிலோ-இந்தியர்களுக்கு இடம் ஒதுக்கியது. ஆனால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பத்து சதவீதம் குறையும், பத்து வருஷத்தில் மொத்தமாக முடியும். 1960 ஜனவரியோடு முடிந்தது. டான்ஸ் ஹாலைத் தாங்கி நின்றது அந்தச் சம்பளம்தான். 1947-லேயே இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறத் தொடங்கியவர்கள் உண்டு. பிறகு ஆஸ்திரேலியா, கனடா. மிச்சமிருந்த நியமன எம்.பி., எம்.எல்.ஏ. இடங்களும் 2020 ஜனவரியில் போயின.

இங்கே ஒரு நெருடல் இருக்கு. நம்ம ஊரில் இவர்களைச் 'சட்டைக்காரர்' என்றார்கள், போட்ட உடுப்பை வைத்தே. சினிமாவும் தன் பங்குக்கு ஃப்ராக் போட்ட பெண்ணைப் பல தடவை கேபரே மேடையிலேயே நிறுத்தியது. அவங்க தினமும் ஆபீசுக்குப் போட்டுப் போன உடுப்பு நமக்கு மாறுவேஷம். 'ஆங்கிலோ-இந்தியன் லுக்' என்று போஸ்டரில் போடுவதை நான் தவிர்ப்பேன்.

அதுக்குப் பதிலா, உங்க பங்கில் ஒரு ரயில்வே குடும்பத்துப் பாட்டி இருந்தால் நேரில் போய்க் கூப்பிடுங்க. நாற்காலி போட்டு ஓரமாக உட்கார வைக்காமல், ஜைவ் ஸ்டெப்பைச் சொல்லித் தரச் சொல்லுங்க. கடைசிப் பாட்டுக்கு 1967-இல் வந்த 'தி லாஸ்ட் வால்ட்ஸ்' போடலாம். அதைப் பாடிய எங்கல்பெர்ட் ஹம்பர்டிங்க் 1936-இல் பிறந்தது நம்ம மெட்ராஸில்தான். டிஜேகிட்ட இப்பவே சொல்லி வச்சிடுங்க.