33 பவுன் பிளாட்டினம்

நம்ம ஓசூர்ல பிளாட்டினம்னு சொன்னா பலருக்கும் நகைதான் ஞாபகத்துக்கு வரும், டைட்டன் இருக்கிற ஊர் இல்லையா. ஆனா 2020 ஏப்ரல்ல வந்த பிஎஸ்-6 விதிக்கு ஏற்ப இந்த ஊர்ல தயாராகிற பெட்ரோல் டூவீலர்களோட சைலன்சருக்குள்ளேயும் பிளாட்டினக் குடும்பத்து உலோகம் துளியூண்டு உட்கார்ந்திருக்கு. புகையைச் சுத்தம் பண்ற வேலை. இன்னைக்கு எபிசோடு இதே உலோகத்தோட இன்னொரு வேலையைப் பத்தி: தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜன் எடுக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம், பெங்களூரை ஒட்டி, ஓமியம் நிறுவனம் 2021-ல் எலக்ட்ரோலைசர் தொழிற்சாலை திறந்தது. அங்கே தயாராகிறது பிஇஎம் வகை. அதாவது நடுவில் அமிலத்தன்மை கொண்ட ஒரு பிளாஸ்டிக் சவ்வு, அதோட ஒரு பக்கம் பிளாட்டினம், மறுபக்கம் இரிடியம்.

எவ்வளவு பிளாட்டினம்? ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். சதுர சென்டிமீட்டருக்கு 2 ஆம்பியர், 1.9 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். 3.8 வாட் ஆச்சு. அப்போ 1 மெகாவாட் இயந்திரத்துக்குச் சுமார் 2.63 லட்சம் சதுர சென்டிமீட்டர் சவ்வு வேணும். சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லிகிராம் பிளாட்டினம் பூசினால் 263 கிராம். நம்ம கணக்கில் 33 பவுன். அதையே 0.1 மில்லிகிராமாகக் குறைத்தால் மூன்றேகால் பவுன். இந்தக் குறைப்புக்குப் பின்னாடி பெரிய வரலாறு இருக்கு.

முதல்ல, ஏன் பிளாட்டினம்? 1800-ல் லண்டனில் நிக்கல்சன், கார்லைல் என்ற இருவர் வோல்ட்டாவின் புத்தம்புது பேட்டரியைத் தண்ணீரோடு இணைத்துப் பார்த்தார்கள. பித்தளைக் கம்பியில் ஒரு முனை அரித்துப்போனது. பிளாட்டினக் கம்பி போட்டதும் இரண்டு முனையிலும் வாயு வந்தது. ஆக, பிளாட்டினம் உள்ளே வந்ததே துருப்பிடிக்காது என்பதற்காகத்தான். வினையூக்கியாக அது எவ்வளவு கெட்டி என்பது ரொம்பப் பின்னாடி தெரிந்த சங்கதி.

அந்தக் கெட்டித்தனத்தைத் தோசைக்கல்லை வைத்துப் புரிஞ்சுக்கலாம். மாவு கல்லில் பிடிக்கவும் வேணும், வெந்ததும் விடவும் வேணும். ஹைட்ரஜன் அணுவை நிக்கல் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கும். தங்கம் சரியாகப் பிடிக்கவே பிடிக்காது. பிளாட்டினம் கிட்டத்தட்டச் சரியான இடத்தில் நிற்கிறது. 1958-ல் ராஜர் பார்சன்ஸ் இதைக் கோட்பாடாகச் சொன்னார். 1972-ல் இத்தாலியின் டிரசாட்டி எல்லா உலோகத்தையும் வரிசையாக வைத்து வரைபடம் போட்டார். எரிமலை மாதிரி ஒரு வடிவம், உச்சிக்குப் பக்கத்தில் பிளாட்டினம்.

இப்போ நம்ம கதையின் முக்கியமான ஆள். சுப்ரமணியம் ஸ்ரீநிவாசன். அன்றைய சிலோன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்துவிட்டு, அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் போக்ரிஸ் என்ற மின்வேதியியல் ஜாம்பவானிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவர். ‘ஹைட்ரஜன் பொருளாதாரம்’ என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களில் போக்ரிஸும் ஒருவர். அதே போக்ரிஸோடு சேர்ந்து பாடப்புத்தகம் எழுதிய இன்னொருத்தர் அமுல்யா ரெட்டி. அவர் பிறகு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்து கிராமத்துக்கான தொழில்நுட்பம் பக்கம் போயிட்டார். அவருக்கே ஒரு தனி எபிசோடு போடணும்.

ஸ்ரீநிவாசன் எரிகலன் பக்கமே நின்றார். எரிகலன் என்றால் எலக்ட்ரோலைசரைத் தலைகீழாக ஓட்டுவது: ஹைட்ரஜனைக் கொடுத்து மின்சாரம் வாங்குவது. சவ்வும் பிளாட்டினமும் ரெண்டுக்கும் பொது. 1980-களின் தொடக்கம் வரை சதுர சென்டிமீட்டருக்கு 4 மில்லிகிராம் பிளாட்டினம் சர்வசாதாரணம். இதில் பெரும்பகுதி சும்மா கிடந்தது. காரணம் ரொம்ப எளிமையானது: ஒரு பிளாட்டினத் துகளுக்கு மின்சாரமும் வந்து சேரணும், வாயுவும் வரணும், சவ்வு வழியாகப் புரோட்டானும் வரணும். மூணில் ஒண்ணு வராவிட்டாலும் அந்தத் துகள் வேலை செய்யாது. லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் ராய்ஸ்ட்ரிக் சவ்வுப் பொருளைக் கரைசலாக்கி மின்முனையின் துளைகளுக்குள் இறக்கினார். அதே ஆய்வகத்தில் ஸ்ரீநிவாசனும் சகாக்களும் இதைச் செம்மைப்படுத்தி, 1988-ல் 0.4 மில்லிகிராமிலேயே அதே அளவு வேலை நடக்கும் என்று காட்டினார்கள். பத்தில் ஒரு பங்கு! புது உலோகம் எதுவும் கண்டுபிடிக்கவில்லை. சும்மா இருந்ததை வேலைக்கு அனுப்பினார்கள், அவ்வளவுதான்.

அடுத்த படிதான் கலப்பு உலோகம். துகளின் மேற்பரப்பில் இருக்கிற அணு மட்டும்தான் வேலை செய்யும் என்றால், உள்ளே எதுக்குப் பிளாட்டினம்? நிக்கலோ கோபால்ட்டோ கலக்கலாமே. 1993-ல் முகர்ஜியும் ஸ்ரீநிவாசனும் எரிகலனின் ஆக்சிஜன் பக்கத்தில் இந்தக் கலப்புகளைச் சோதித்தபோது, செலவு குறைவது மட்டுமில்லை, வேலையும் கூடுவதைப் பார்த்தார்கள். உள்ளே இருக்கும் சின்ன அணுக்கள் பிளாட்டினத்தின் இடைவெளியை நெருக்கி, அதன் பிடிமானத்தையே மாற்றுகின்றன.

ஹைட்ரஜன் பக்கத்தில் எனக்குப் பிடித்தது 2006-ல் நடந்தது. டென்மார்க்கில் நார்ஸ்கோவ் குழு 700-க்கும் மேற்பட்ட கலப்பு மேற்பரப்புகளைக் கணினியிலேயே ஓட்டிப் பார்த்தது. நம்ம பாஷையில் ஒரு பெரிய ஃபார் லூப். வெளியே வந்த பெயர்: பிஸ்மத்-பிளாட்டினம். பிஸ்மத் தனியாக இந்த வேலைக்கு உதவாத உலோகம். ஆனால் லேபில் செய்து பார்த்தபோது கலவை சுத்தப் பிளாட்டினத்தை லேசாக முந்தியது.

சிக்கலும் உண்டு. சவ்வு அமிலம் என்பதால் நிக்கல் மெதுவாகக் கரைந்து சவ்வுக்குள் போய் உட்காரும். சவ்வோட கடத்தும் திறன் குறையும். லேபில் சில நூறு மணி நேரம் ஓடுவது வேற, வயலில் பத்து வருஷம் ஓடுவது வேற.

அப்போ அமிலமே வேண்டாமே என்று கேட்பீங்க. நியாயமான கேள்வி. காரக் கரைசல் என்றால் நிக்கலே போதும். பக்ரா அணையின் மின்சாரத்தில் பஞ்சாபின் நங்கல் உரத் தொழிற்சாலை தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜன் எடுத்தது. அதை ஒட்டி 1962-ல் நாட்டின் முதல் கனநீர் ஆலையே ஓடியது. ஆனால் அணை மின்சாரம் சீராக வரும். வெயிலும் காற்றும் அப்படி இல்லை. அந்த ஏற்ற இறக்கத்துக்குச் சட்டென்று ஈடுகொடுப்பது பிஇஎம். இடமும் குறைவு.

இனி நாட்டு அளவில் கணக்கு. 2023 ஜனவரியில் ஒப்புதலான பசுமை ஹைட்ரஜன் திட்டத்தின் இலக்கு 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன். அதுக்கு 60 ஜிகாவாட்டாவது எலக்ட்ரோலைசர் வேணும். எல்லாமே பிஇஎம் என்று சும்மா வைத்துக்கொண்டால், 0.1 மில்லிகிராம் கணக்கில் பிளாட்டினம் 1.6 டன்தான். உலகச் சுரங்கங்கள் ஆண்டுக்குச் சுமார் 180 டன் எடுக்கின்றன, சமாளிக்கலாம். ஆனால் மறுபக்கத்து இரிடியம்? சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் போட்டால் 31 டன்னுக்கும் மேலே. உலக உற்பத்தியே ஆண்டுக்கு 7, 8 டன்தான். அதனால் பிளாட்டினத்தை இன்னும் பாதியாக்கினேன் என்று வருகிற செய்திகளைவிட, இரிடியத்தில் ஒரு ஸ்ரீநிவாசன் எப்போ வருவார் என்பதுதான் என் கவலை.

இந்த ரெண்டு உலோகமும் பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகின்றன. நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில், நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பாறைகளில் பிளாட்டினக் குழு உலோகம் இருப்பதை ஜிஎஸ்ஐ பதிவு செய்திருக்கிறது. அதே பாறையை அரைத்துத்தான் சந்திரயான்-2 சோதனைக்கு இஸ்ரோ போலி நிலவு மண் செய்தது. ஆனால் சித்தம்பூண்டியில் பிளாட்டினச் சுரங்கம் ஓடவில்லை. என்னைக் கேட்டால், அதைவிடப் பக்கத்துச் சுரங்கம் நம்ம பழைய வண்டிகளோட சைலன்சர்தான். பிஎஸ்-6 வண்டிகள் காயலான் கடைக்கு வர இன்னும் சில வருஷம் இருக்கு. வரும்போது அதுக்குள்ள இருக்கிறதைப் பிரித்தெடுக்கிற வேலை இந்த ஊர்லயே நடக்குமா, இல்ல சாக்குல கட்டி வெளிநாட்டுக்குப் போகுமா என்பதைப் பார்க்கணும்.