கூடாத பெரும்பான்மை: இத்தாலியக் கட்சி வரலாற்றில் ஒரு பாடம்

இத்தாலியிற் பாசிசம் ஆட்சிபீடம் ஏறியமைக்கு முசோலினியின் கருஞ்சட்டைப் படையே காரணமெனப் பொதுவாகக் கூறப்படும். பலாத்காரம் ஒரு காரணமே. ஆயினும் அது மட்டும் போதிய விளக்கமாகாது. பாசிசத்தைத் தடுக்கவல்ல பெரும்பான்மை பாராளுமன்றத்தில் இருந்தது. அப்பெரும்பான்மை ஒன்றுகூடவில்லை என்பதே அந்நாட்டுக் கட்சி வரலாறு காட்டும் உண்மையாகும்.

1861இல் உருவான இத்தாலிய இராச்சியத்தில் வாக்குரிமை மக்கட்டொகையில் ஏறத்தாழ நூற்றுக்கு இருவருக்கே இருந்தது. பாராளுமன்றத்தில் அமர்ந்தவை உறுதியான கட்சிகளல்ல, பிரமுகர்களின் குழுக்களே. 1892இல் ஜெனோவாவில் தோன்றிய சோசலிசக் கட்சியும், சிசிலியக் குருவானவர் லூயிஜி ஸ்ரூட்சோ 1919இல் நிறுவிய மக்கள் கட்சியுமே தொழிலாளரையும் கத்தோலிக்க விவசாயிகளையும் பெருந்தொகையாக அரசியல் அரங்கிற்குக் கொணர்ந்தன.

1919 நவம்பரில் விகிதாசாரப் பிரதிநிதித்துவ முறையில் முதலாவது தேர்தல் நடைபெற்றது. 508 ஆசனங்களில் சோசலிசக் கட்சி 156ஐயும் மக்கள் கட்சி 100ஐயும் பெற்றன. பாசிசவாதிகளுக்கு ஓர் ஆசனமேனும் கிட்டவில்லை. இவ்விரு கட்சிகளும் இணைந்திருப்பின் சிறு பெரும்பான்மை அமைந்திருக்கும். ஆனால் சோசலிசவாதிகளிற் பெரும்பாலோர் ருஷ்யாவிற் போன்றதொரு புரட்சியை எதிர்நோக்கி, முதலாளித்துவ அரசிற் பங்கேற்பதைத் துரோகமெனக் கருதினர். மக்கள் கட்சியினரோ மதவிரோதிகளுடன் கூட அஞ்சினர்.

1921 ஜனவரியில் லிவோர்னோ மாநாட்டிற் சோசலிசக் கட்சி பிளவுண்டு கம்யூனிஸ்ட் கட்சி பிறந்தது. அவ்வாண்டு மே மாதத் தேர்தலில் லிபரல் தலைவர் ஜியோலிற்றி பாசிசவாதிகளைத் தமது தேசியக் கூட்டணியிற் சேர்த்துக்கொண்டார். பாராளுமன்றப் பழக்கம் அவர்களை அடக்கிவிடும் என்பது அவரது கணிப்பு. அத்தேர்தலில் 35 பாசிசவாதிகள் சபை புகுந்தனர். 1922 ஒக்ரோபர் தொடக்கத்தில் துராற்றி, மற்றெயோற்றி முதலிய மிதவாதிகளை வெளியேற்றிச் சோசலிசக் கட்சி மீண்டும் பிளவுண்டது. அம்மாத இறுதியில் ரோமாபுரி மீதான அணிவகுப்பு நிகழ்ந்தது. இராணுவச் சட்ட ஆணையில் ஒப்பமிட மறுத்த அரசர், முசோலினியை அரசமைக்க அழைத்தார். அவ்வரசுக்கு 306 பிரதிநிதிகள் நம்பிக்கை வாக்களித்தனர். அவர்களுட் பெரும்பாலோர் பாசிசவாதிகளல்லர். மக்கள் கட்சியினரும் அமைச்சரவையில் இடம்பெற்றனர். 1924 ஜூனில் மற்றெயோற்றி கொலையுண்டார். 1926இல் எதிர்க்கட்சிகள் யாவும் கலைக்கப்பட்டன.

அன்றைய தலைவர்களை இன்று இகழ்தல் எளிது. அவர்களது ஐயங்கள் போலியானவையல்ல. கொள்கைப் பற்றிலிருந்தே பிறந்தவை. எனினும், எதிராளியையும் அழிப்பவனையும் வேறுபிரித்தறிய அவர்கள் தவறினர். அவ்வேறுபாட்டைச் சிறைவாசமே உணர்த்திற்று. 1943இல் கம்யூனிஸ்டுகளும் கத்தோலிக்கரும் லிபரல்களும் தேசிய விடுதலைக் குழுவில் ஒன்றிணைந்தனர். 1946 ஜூன் 2ஆந் திகதி மக்கள் தீர்ப்பால் முடியாட்சி நீங்கிக் குடியரசு மலர்ந்தது.

1947 மே மாதத்திற் பிரதமர் டி காஸ்பெரி கம்யூனிஸ்டுகளையும் சோசலிசவாதிகளையும் அரசிலிருந்து விலக்கினார். ஆயினும் அரசியலமைப்பு வரையும் பணி முறியவில்லை. 1947 டிசெம்பர் 27ஆந் திகதி அவ்வமைப்பில் மூவர் ஒப்பமிட்டனர். ஒருவர், 1922இற் சபாநாயகராக இருந்த லிபரல்வாதி டி நிக்கோலா. மற்றவர், மக்கள் கட்சியின் இறுதிச் செயலாளராக இருந்து சிறைசென்ற டி காஸ்பெரி. மூன்றாமவர், லிவோர்னோவிற் கம்யூனிஸ்ட் கட்சியை நிறுவியோருள் ஒருவரும், 1926 முதல் நெடுங்காலம் சிறையிலும் காவலிலும் கழித்தவருமாகிய தெராச்சினி. கால் நூற்றாண்டின் முன் ஒருங்கே நிற்க இயலாத மூன்று அணிகளும் ஒரே தாளிற் கையெழுத்திட்டன. அவர்களது வேறுபாடுகள் அன்றும் தீரவில்லை. ஆனால் அவ்வேறுபாடுகள் வாழ்வதற்கான களத்தைக் காக்க அவர்கள் கற்றிருந்தனர்.