ஒரு ஷில்லிங்கில் தொடங்கிய ஐரோப்பியச் சுற்றுலா

18ஆம் நூற்றாண்டில் பாரிஸ், வெனிஸ், ரோம் என்று சுற்றிப்பார்ப்பது பிரபு வீட்டுப் பிள்ளைகளுக்கே வாய்த்தது. ஆசிரியர், வேலைக்காரர் சகிதம் மாதக்கணக்கில் போவார்கள். பெயர் 'கிராண்ட் டூர்'.

இதை மாற்றியவர் தாமஸ் குக் என்ற இங்கிலாந்துக்காரர். 1841ல் லெஸ்டரிலிருந்து லாஃப்பரோவில் நடந்த மதுவிலக்குக் கூட்டத்துக்குச் சுமார் 500 பேரைத் தலைக்கு ஒரு ஷில்லிங்கில் ரயிலில் அழைத்துப்போனார். 1855ல் சிறு குழுவோடு பிரசல்ஸ், கொலோன், ஸ்ட்ராஸ்பர்க் வழியாகப் பாரிஸ் பயணம். அதில் நஷ்டம்தான்! ஆனாலும் விடவில்லை.

1868ல் ஓட்டல் கூப்பன் வந்தது. அறைக்கும் சாப்பாட்டுக்கும் ஊரிலேயே பணம் கட்டிவிடலாம். பாஷை தெரியாத இடத்தில் பேரம் பேசித் திண்டாட வேண்டாம். ஓட்டலுக்கு நிச்சயமான வாடிக்கை, பயணிக்கு முன்கூட்டியே தெரிந்த செலவு.

'கூட்டம் சேர்த்துக்கொண்டு வருகிறார்கள்' என்று மேட்டுக்குடியினர் கேலி செய்தார்கள். கேலியை மீறிக் கடைக்காரரும் ஆசிரியையும் ரோமைப் பார்த்தார்கள். அந்த நிறுவனம் 2019ல் திவாலாகிவிட்டது. சேர்ந்து போனால் செலவு குறையும் என்ற கணக்கு மட்டும் திவாலாகவில்லை.