ஓடுவதற்காகவே ஒரு பயணம் - காம்ரேட்ஸ் ஓட்டத்தின் கதை

விடுமுறை என்றதும் கடற்கரை, மலைவாசஸ்தலம், கோயில் என்று கிளம்புகிறவர்கள் ஒரு பக்கம். காலில் ஓட்டக் காலணியை மாட்டிக்கொண்டு, ஓடுவதற்காகவே ஊர் தேடிப் போகிறவர்கள் இன்னொரு பக்கம். இவர்கள் ஊரைத் தேர்ந்தெடுக்கும் விதமே தனி. சிலர் உயரமான இடம் வேண்டும் என்று கென்யாவின் ஈட்டன் கிராமத்துக்குப் போகிறார்கள். சிலர் பழமை வேண்டும் என்று கிரேக்கத்தில் மாரத்தான் ஊரிலிருந்து ஏதென்ஸ் வரை ஓடுகிறார்கள். ஆனால் இந்தப் பட்டியல்களில் தவறாமல் வந்து நிற்கும் ஒரு சாலைக்கு நல்ல தட்பவெப்பமோ அழகான காட்சியோ மட்டும் காரணம் இல்லை. அது தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகருக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகருக்கும் இடையே உள்ள சாலை. அங்கே நடப்பதுதான் காம்ரேட்ஸ் மாரத்தான்.

மாரத்தான் என்று பெயர்தானே தவிர, தூரம் 42 கிலோமீட்டர் அல்ல. ஏறக்குறைய 87 முதல் 90 கிலோமீட்டர்! அதாவது சென்னையிலிருந்து காஞ்சிபுரத்துக்கு ஓடிப்போய், அதற்கு மேலும் கொஞ்சம் ஓடுவது போல. டர்பன் கடலோர நகரம்; பீட்டர்மாரிட்ஸ்பர்க் சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எனவே ஓட்டம் பெரும்பாலும் ஒரு வருடம் மேல்நோக்கி, மறு வருடம் கீழ்நோக்கி என்று மாறி மாறி நடக்கிறது. கீழ்நோக்கி என்றால் சுலபம் என்று நினைத்துவிட வேண்டாம். தொடைத் தசைகளைப் பதம் பார்ப்பது இறக்கம்தான் என்பது ஓடியவர்களுக்குத் தெரியும். வழியில் கௌவீஸ் ஹில், ஃபீல்ட்ஸ் ஹில், போத்தாஸ் ஹில், இன்சாங்கா, பாலி ஷார்ட்ஸ் என்று ஐந்து குன்றுகள். மேல்நோக்கிய ஓட்டத்தில் பாலி ஷார்ட்ஸ் கடைசியாக வருகிறது, கால்களில் ஒன்றுமே மிச்சமில்லாத நேரத்தில்.

இந்த ஓட்டத்தைத் தொடங்கியவர் விக் கிளாபம் என்ற இரயில் என்ஜின் ஓட்டுநர். முதல் உலகப் போரில் தென்னாப்பிரிக்கக் காலாட்படையில் சேர்ந்து, கிழக்கு ஆப்பிரிக்காவில் ஜெர்மானியப் படைகளைத் துரத்திக்கொண்டு சுமார் 2,700 கிலோமீட்டர் நடந்தவர். வெயில், மலேரியா, பசி எல்லாவற்றையும் பார்த்தவர். போர் முடிந்து திரும்பியதும், இறந்த தோழர்களுக்குச் சிலை வேண்டாம், உடலை வருத்தும் ஓர் ஓட்டமே நினைவுச் சின்னமாக இருக்கட்டும் என்று யோசித்தார். முன்னாள் போர்வீரர் சங்கத்திடம் போய்க் கேட்டார். மனிதனால் முடியாத காரியம் என்று மறுத்துவிட்டார்கள். மறுபடி கேட்டார், மறுபடி மறுத்தார்கள். ஒருவழியாக 1921-ல் அனுமதி கிடைத்தது. செலவுக்கு ஒரு பவுண்டு கொடுத்தார்கள், அதுவும் கடனாக!

1921 மே 24 அன்று பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து 34 பேர் புறப்பட்டார்கள். டர்பன் வரை ஓடி முடித்தவர்கள் 16 பேர். முதலில் வந்த பில் ரோவன் எடுத்துக்கொண்ட நேரம் 8 மணி 59 நிமிடம்.

அடுத்த ஆண்டு வென்றவரின் கதை விசித்திரமானது. ஆர்தர் நியூட்டன் ஒரு விவசாயி, அப்போது வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அவருடைய பண்ணையைச் சுற்றியிருந்த நிலங்களைக் கறுப்பின மக்களுக்கென அரசாங்கம் ஒதுக்கிவிட்டதாகவும் தனக்கு நஷ்டஈடு வேண்டும் என்றும் அவருக்கு வழக்கு. மனு போட்டுப் பயனில்லை. பெயர் பெற்ற மனிதனின் குறையைத்தான் அரசு கேட்கும் என்று முடிவு செய்து ஓட ஆரம்பித்தார். ஐந்து முறை வென்றார். நஷ்டஈடு கிடைக்கவில்லை, ஆனால் நெடுந்தூர ஓட்டப் பயிற்சியின் முறையையே மாற்றியவர் என்ற பெயர் கிடைத்தது. வேகத்தை விட்டு, மெதுவாக ஆனால் மிக நீண்ட தூரம் ஓடிப் பழகுவது என்ற அவருடைய வழியை இன்றும் பின்பற்றுகிறார்கள். சாலையோரம் மண்மேட்டில் உள்ள ஒரு குடைவை 'ஆர்தரின் இருக்கை' என்று அழைக்கிறார்கள். கடந்து போகும் ஓட்டக்காரர்கள் அங்கே பூ வைத்துக் காலை வணக்கம் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். சொன்னால் பிற்பாதி நன்றாக அமையுமாம்! நம்ம ஊரில் மலைப்பாதைக் கோயிலில் லாரி நிறுத்தித் தேங்காய் உடைப்பது போலத்தான்.

ஆனால் இந்தச் சாலையின் உண்மையான வரலாறு, ஓடியவர்களை விட ஓட விடப்படாதவர்களைப் பற்றியது. 'காம்ரேட்ஸ்' என்றால் தோழர்கள். யார் தோழர்? 1921 முதல் 1975 வரை விதிப்படி வெள்ளை ஆண்கள் மட்டுமே. கிழக்கு ஆப்பிரிக்கப் போரில் வெள்ளையர் மட்டுமா செத்தார்கள்? இந்தியச் சிப்பாய்கள் செத்தார்கள். சுமை தூக்கிய ஆப்பிரிக்கர்கள் பல்லாயிரக்கணக்கில் நோயிலும் பசியிலும் செத்தார்கள். நினைவு ஓட்டத்தில் அவர்களுடைய பிள்ளைகளுக்கு இடம் இல்லை.

இங்கே தமிழர்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து போன ட்ரூரோ என்ற கப்பல்தான் ஒப்பந்தக் கூலிகளை முதன்முதலில் டர்பனில் இறக்கியது. அந்தக் கரும்புத் தோட்டத் தொழிலாளர்களின் சந்ததியினர் இந்த இரண்டு நகரங்களிலும் பெருமளவில் வாழ்கிறார்கள். 1893 ஜூனில் காந்தியை முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து இறக்கிவிட்டதும் இதே பீட்டர்மாரிட்ஸ்பர்க் இரயில் நிலையத்தில்தான். தங்கள் வீட்டு வாசல் வழியே போகும் ஓட்டத்தில் அரை நூற்றாண்டுக்கு மேல் அவர்கள் வேடிக்கை பார்ப்பவர்கள் மட்டுமே.

தடையை மதிக்காதவர்களும் இருந்தார்கள். 1923-ல் ஃபிரான்சஸ் ஹேவர்ட் என்ற பெண் விண்ணப்பித்தார், மறுக்கப்பட்டது. அவரோ கூடவே ஓடி 11 மணி 35 நிமிடத்தில் முடித்துவிட்டார். பதக்கம் தர விதி இடம் கொடுக்காததால் பார்வையாளர்களும் சக ஓட்டக்காரர்களும் காசு சேர்த்து வெள்ளித் தேநீர்ப் பாத்திரங்கள் வாங்கிக் கொடுத்தார்கள். 1935-ல் ராபர்ட் ம்ட்ஷாலி என்ற கறுப்பினத்தவர் அதிகாரபூர்வமற்ற ஓட்டக்காரராக 9 மணி 30 நிமிடத்தில் முடித்தார். முடிவுப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. 2019-ல்தான், 9 மணிக்கும் 10 மணிக்கும் இடையில் முடிப்பவர்களுக்கு அவர் பெயரில் ஒரு பதக்கம் ஏற்படுத்தினார்கள். 84 ஆண்டுகள் கழித்து!

1962-ல் இங்கிலாந்திலிருந்து நான்கு பேர் விமானம் ஏறி வந்து ஓடினார்கள், அவர்களில் ஜான் ஸ்மித் வென்றார். கடல் கடந்து ஓட வரும் பழக்கத்தின் தொடக்கம் இது எனலாம். யோசித்துப் பார்த்தால் வேதனைதான். ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்த வெள்ளைக்காரர் ஓடலாம், சாலையோரக் குடிசையில் இருப்பவர் ஓடக்கூடாது. 1975-ல், ஐம்பதாவது ஓட்டத்தில்தான் கதவு திறந்தது. லெசோதோவைச் சேர்ந்த வின்சென்ட் ரகபேலே 20-ஆவதாக வந்து, அதிகாரபூர்வமாகப் பதக்கம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார். பெண்களில் எலிசபெத் கவானா முதலிடம். கதவு திறந்தது மனம் மாறியதாலா, உலக விளையாட்டிலிருந்து தென்னாப்பிரிக்கா ஒதுக்கப்பட்டுக்கொண்டிருந்த நெருக்கடியாலா என்றால், இரண்டாவதற்கே பங்கு அதிகம் என்று தோன்றுகிறது.

1981-ல் இன்னொரு சம்பவம். வெள்ளையர் குடியரசின் இருபதாம் ஆண்டு விழாவோடு ஓட்டத்தையும் சேர்த்துவிட்டார்கள். பலர் புறக்கணித்தார்கள். புரூஸ் ஃபோர்டைஸ் என்ற வெள்ளை இளைஞர் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு வந்து நின்றார். அவர் மீது தக்காளி வீசினார்கள். அவரோ அந்த ஓட்டத்தில் முதலாவதாக வந்தார்! அன்று தொடங்கி 1988 வரை எட்டு வருடமும் அவரே வென்றார், 1990-ல் ஒன்பதாவது முறையும். இடையில் 1989-ல் சாம் ட்ஷபலாலா வென்று, முதல் கறுப்பின வெற்றியாளர் ஆனார். அதே ஆண்டு 80 வயது வாலி ஹேவர்ட், காலக்கெடு முடிய இரண்டு நிமிடம்கூட இல்லாத நிலையில் தள்ளாடி வந்து கோட்டைத் தொட்டார்.

நாட்காட்டியைப் பார்த்தாலே நாட்டின் சரித்திரம் தெரிந்துவிடும். முதல் ஓட்டம் நடந்த மே 24 பிரிட்டிஷ் பேரரசு தினம். பிறகு மே 31, குடியரசு தினம். நிறவெறி ஆட்சி ஒழிந்தபின் 1995-ல் ஜூன் 16-க்கு மாற்றினார்கள். 1976-ல் சொவேட்டோ மாணவர்கள் சுடப்பட்ட நாள் அது. இறந்த மாணவர்களின் நினைவை ஓட்டம் மறைக்கிறது என்று எதிர்ப்புக் கிளம்ப, 2007-ல் அந்தத் தேதியையும் விட்டுவிட்டார்கள். கொரோனாவால் 2020, 2021 இரண்டு ஆண்டுகளும் ஓட்டமே இல்லை.

இன்று விடிவதற்கு முன்பே ஆயிரக்கணக்கானோர் தொடக்கக் கோட்டில் நிற்கிறார்கள். சுரங்கத் தொழிலாளர்கள் பாடிவந்த 'ஷோஷலோசா' பாட்டை எல்லா நிறத்தவரும் சேர்ந்து பாடுகிறார்கள். பிறகு சேவல் கூவும் ஓசை ஒலிபெருக்கியில் கேட்கும். 1948-ல் மேக்ஸ் டிரிம்போர்ன் என்ற ஓட்டக்காரர் பதற்றத்தைத் தணிக்கச் சேவல் போலக் கூவியதிலிருந்து வந்த வழக்கம் இது. அண்மை ஆண்டுகளில் வெளிநாட்டிலிருந்து போகிறவர்களில் இந்தியர்கள் பெரிய கூட்டம். போக விரும்புகிறவர்கள் முன்னதாக ஒரு முழு மாரத்தானைக் குறித்த நேரத்துக்குள் முடித்துக் காட்ட வேண்டும். பத்து முறை முடித்தவர்களுக்குப் பச்சை எண் தருவார்கள். அந்த எண் பிறகு வேறு யாருக்கும் போகாது.

பன்னிரண்டு மணி நேரம் முடிந்ததும் ஓர் அலுவலர் துப்பாக்கியால் சுட்டு ஓட்டத்தை முடிப்பார். ஓடிவருகிறவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் சுடுவார். ஒரு வினாடி தாமதமாக வந்தாலும் பதக்கம் கிடையாது.