ஸ்டான்ஃபோர்ட் பன்னாட்டு வங்கியும் ஆன்டிகுவாவின் உயர்வட்டிச் சான்றிதழ்களும்

கரீபியக் கடலில் உள்ள ஆன்டிகுவா தீவிலிருந்து இயங்கிய ஸ்டான்ஃபோர்ட் பன்னாட்டு வங்கி, வைப்புச் சான்றிதழ் என்ற ஒரே சரக்கை விற்றுப் பல நாட்டு மக்களிடம் 700 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. 2009 பிப்ரவரியில் அது வீழ்ந்தபோது ஏறத்தாழ 18,000 பேரின் சேமிப்பு முடங்கியது. அமெரிக்க வரலாற்றின் மிகப்பெரிய பான்சி மோசடிகளில் ஒன்றாக இது எண்ணப்படுகிறது. பழைய முதலீட்டாளருக்குத் தரவேண்டிய பணத்தைப் புதியவரிடம் வாங்கித் தருவதே பான்சி முறை.

வங்கியின் உரிமையாளர் ராபர்ட் ஆலன் ஸ்டான்ஃபோர்ட் 1950இல் டெக்சாஸ் மாநிலத்தின் மெக்சியா என்ற சிற்றூரில் பிறந்தவர். வேக்கோ நகரில் அவர் நடத்திய உடற்பயிற்சிக் கூடங்கள் 1980களின் தொடக்கத்தில் நொடித்துப் போயின. எண்ணெய் விலைச் சரிவால் ஹூஸ்டனில் வீடுகளின் விலை விழுந்த காலத்தில் தந்தையுடன் சேர்ந்து மனை வணிகத்தில் இறங்கினார். 1980களின் நடுவில் மான்செராட் என்ற சிறு தீவில் கார்டியன் பன்னாட்டு வங்கியைத் தொடங்கினார்.

மான்செராட் பிரித்தானிய ஆட்சிக்கு உட்பட்டது. மக்கள்தொகை அப்போது சுமார் 12,000தான். ஆனால் அங்கே பதிவான வங்கிகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. பெரும்பாலானவற்றுக்குப் பெயர்ப்பலகையைத் தவிர வேறு எதுவும் கிடையாது. உள்ளூர் மக்களிடம் வைப்பு வாங்காமல் வெளிநாட்டவரிடம் மட்டும் வாங்கும் இத்தகைய வங்கிகளை ‘ஆஃப்ஷோர்’ அல்லது கடல்கடந்த வங்கிகள் என்பர். தீவு அரசுக்கு உரிமக் கட்டணம் கிடைக்கும். வங்கிக்கு வரி குறைவு, கண்காணிப்பும் குறைவு. 1980களின் இறுதியில் லண்டன் அரசு விழித்துக்கொண்டு இந்த உரிமங்களை மொத்தமாக ரத்துசெய்யத் தொடங்கியது. ஸ்டான்ஃபோர்ட் அதற்குள் அண்டைத் தீவான ஆன்டிகுவாவுக்கு நகர்ந்துவிட்டார். 1981இல் விடுதலை பெற்றிருந்த ஆன்டிகுவா–பார்புடா தன் சட்டத்தைத் தானே வகுக்கும் தனி நாடு. லண்டனின் கை அங்கே எட்டாது.

இப்படிப்பட்ட வங்கி நேர்மையாக நடந்தால் அதன் கணக்கு எளியது. வைப்பாகப் பெற்ற பணத்தை அரசுகளின் கருவூல உண்டியல்கள், பெரிய நிறுவனங்கள் சில மாதங்களுக்குக் கடன் வாங்க வெளியிடும் வணிகத் தாள்கள், நீண்டகாலக் கடன்பத்திரங்கள் போன்றவற்றில் போடும். அவற்றில் வரும் வட்டியில் தன் செலவைக் கழித்துக்கொண்டு மீதியை வைப்பாளருக்குத் தரும். வரியும் செலவும் குறைவு என்பதால் கொஞ்சம் கூடுதலாகத் தரமுடியும். எவ்வளவு கூடுதல் என்பதுதான் கேள்வி. வணிகத் தாளுக்கோ கடன்பத்திரத்துக்கோ கிடைக்கும் வட்டி, வாங்குபவர் நியூயார்க்கில் இருந்தாலும் ஆன்டிகுவாவில் இருந்தாலும் ஒன்றுதான்.

2008 நவம்பர் இறுதியில் ஸ்டான்ஃபோர்ட் வங்கி மூன்றாண்டுச் சான்றிதழ் ஒன்றுக்கு 5.375 சதவீதம் தருவதாக அறிவித்திருந்தது. அதே வகைச் சான்றிதழுக்கு அமெரிக்க வங்கிகள் 3.2 சதவீதத்துக்கும் குறைவாகவே கொடுத்தன. அமெரிக்க மைய வங்கியின் அடிப்படை வட்டி அப்போது 1 சதவீதம். வைப்பாளருக்குக் கொடுக்கும் வட்டியோடு செலவு நிற்கவில்லை. சான்றிதழ்களை விற்ற ஹூஸ்டன் தரகு நிறுவனத்துக்கு (அதுவும் ஸ்டான்ஃபோர்டுக்கே சொந்தம்) விற்பனைத் தொகையில் 3 சதவீதம் போனது. விற்பனை செய்த ஆலோசகருக்குத் தனியாக 1 சதவீதத் தரகு உண்டு. இத்தனையும் கொடுத்து லாபமும் ஈட்டவேண்டுமானால் முதலீடுகள் ஆண்டுதோறும் மிக அதிகமாகச் சம்பாதிக்க வேண்டும். அப்படித்தான் சம்பாதிக்கின்றன என்று வங்கியின் ஆண்டறிக்கைகள் கூறின. 1995, 1996 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் வருவாய் துல்லியமாக 15.71 சதவீதம் என்று பதிவு செய்யப்பட்டிருந்தது. பல நாடுகளின் பங்குகளிலும் பத்திரங்களிலும் பரவிக்கிடக்கும் முதலீடு அடுத்தடுத்த இரு ஆண்டுகளில் இரண்டாம் தசம இடம்வரை ஒரே வருவாயைத் தருவது நம்பத்தக்கதல்ல. அமெரிக்கப் பங்குச்சந்தை ஏறத்தாழ 38 சதவீதம் விழுந்த 2008ஆம் ஆண்டில் தனக்கு 1.3 சதவீத இழப்பு மட்டுமே என்று வங்கி சொன்னது.

உண்மையில் அந்த முதலீடுகளில் பெரும்பகுதி எங்கே இருக்கிறது என்று ஸ்டான்ஃபோர்டுக்கும், அவருடைய கல்லூரி நண்பரும் நிதித் தலைவருமான ஜேம்ஸ் டேவிஸுக்கும் மட்டுமே தெரியும். வருவாய் எண் முதலில் முடிவு செய்யப்பட்டு, அதற்கு ஏற்றபடி கணக்கு பின்னோக்கி எழுதப்பட்டது என்று டேவிஸ் பிற்பாடு ஒப்புக்கொண்டார். எளிதில் விற்றுப் பணமாக்கக்கூடிய சொத்துகள் என்று சொல்லப்பட்ட இடத்தில் தனியார் தொழில்களும் மனைகளும், ஸ்டான்ஃபோர்ட் தானே எடுத்துக்கொண்ட 160 கோடி டாலருக்கு மேற்பட்ட கடனும் இருந்தன. 2008இல் ஆன்டிகுவாவில் சுமார் 6 கோடி டாலருக்கு வாங்கிய நிலம், தாள்களில் சில கைகள் மாறியதும் 320 கோடி டாலர் மதிப்புள்ளதாகக் காட்டப்பட்டது.

வைப்பாளர்களில் பெருஞ்செல்வர் சிலர் இருந்தாலும் பெரும்பாலோர் அப்படியல்ல. வெனிசுவேலாவில் 2003 முதல் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு நடைமுறையில் இருந்தது. உள்நாட்டுப் பணம் மதிப்பிழப்பதைக் கண்டு அஞ்சிய நடுத்தரக் குடும்பங்கள் டாலரில் சேமிக்க வழி தேடின. மெக்சிகோவிலும் பலர் இவ்வாறே வந்தனர். அமெரிக்காவில் லூசியானாவின் எண்ணெய் ஆலைகளில் பணிசெய்து ஓய்வுபெற்றவர்கள் ஓய்வூதியத் தொகையைச் சான்றிதழ்களாக மாற்றினர். அமெரிக்க வங்கி வைப்புகளுக்கு உள்ள அரசுக் காப்பீடு ஆன்டிகுவா வங்கிக்குக் கிடையாது.

ஆன்டிகுவாவில் ஸ்டான்ஃபோர்ட் ஒரு சிற்றரசர்போல் வாழ்ந்தார். விமான நிறுவனம், நாளிதழ், உள்ளூர் வங்கி, உணவகம் எல்லாம் அவருடையவை. நாட்டின் மிகப்பெரிய தனியார் முதலாளி அவரே. அரசுக்கும் கடன் கொடுத்தவர். 1990களின் இறுதியில் கடல்கடந்த வங்கிகளைச் சீர்ப்படுத்த அரசு அமைத்த குழுவில் அவருக்கே இடம் கிடைத்தது. தன்னைக் கண்காணிக்கும் விதிகளை எழுதும் மேசையில் அவரே அமர்ந்திருந்தார். 2006இல் ஆன்டிகுவா அவருக்கு ‘சர்’ பட்டம் அளித்தது. மோசடி வெளிப்பட்ட பின் அதைப் பறித்துக்கொண்டது.

கிரிக்கெட் ரசிகர்களுக்கு அவர் வேறுவிதமாக நினைவிருப்பார். 2008 ஜூனில் லார்ட்ஸ் மைதானத்தில் ஹெலிகாப்டரில் வந்திறங்கிய அவர், ஒரு பெட்டி நிறைய டாலர் கட்டுகளை முன்னால் வைத்து, 2 கோடி டாலர் பரிசுடன் ஒரே ஒரு இருபது ஓவர் ஆட்டத்தை அறிவித்தார். அவ்வாண்டு நவம்பர் 1 அன்று ஆன்டிகுவாவின் கூலிட்ஜில் அவருடைய சொந்த மைதானத்தில் ஆட்டம் நடந்தது. இங்கிலாந்து 99 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. கிறிஸ் கெயில் தலைமையிலான ஸ்டான்ஃபோர்ட் அணி விக்கெட் இழக்காமல் வென்றது. ஆடிய பதினொருவருக்கும் ஆளுக்குப் பத்து லட்சம் டாலர். அடுத்த நூற்று எட்டாம் நாள் வங்கி மூடப்பட்டது.

யாருக்குமே சந்தேகம் எழவில்லை என்று சொல்ல முடியாது. அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்காற்று ஆணையத்தின் ஃபோர்ட் வொர்த் அலுவலக ஆய்வாளர்கள் 1997இலேயே ஹூஸ்டன் தரகு நிறுவனத்தைச் சோதித்து, இது பான்சியாக இருக்கலாம் என்று எழுதிவைத்தனர். 1998, 2002, 2004 ஆய்வுகளும் அதே முடிவைத்தான் சொன்னன. ஆனால் அதே அலுவலகத்தின் நடவடிக்கைப் பிரிவு, விரைவில் முடியக்கூடிய எளிய வழக்குகளையே விரும்பியது என்று ஆணையத்தின் தலைமை ஆய்வாளர் 2010இல் வெளியான அறிக்கையில் கண்டறிந்தார். 1997இல் திரட்டப்பட்டிருந்த தொகை பிற்காலத் தொகையில் சிறு பங்குதான். அந்த அறிக்கையில் மிகவும் உறுத்தும் செய்தி இதுவே.

2005இல் ஆணையம் ஆன்டிகுவாவின் நிதிச் சேவை ஒழுங்காற்று அமைப்புக்குக் கடிதம் எழுதி வங்கியைப் பற்றிக் கேட்டது. அமைப்பின் தலைவர் லீராய் கிங் அந்த ரகசியக் கடிதத்தை ஸ்டான்ஃபோர்டிடமே காட்டினார். பதிலும் அவர்கள் உதவியுடன் தயாரானது. லஞ்சம் வாங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்ட கிங் பல ஆண்டுகள் நீதிமன்றங்களில் போராடி, 2019இல் அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு 2021இல் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

2008 டிசம்பரில் நியூயார்க்கில் பெர்னார்ட் மேடாஃப் கைதான பிறகு மக்கள் எல்லா உயர்வட்டித் திட்டங்களையும் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கினர். 2009 ஜனவரியில் அலெக்ஸ் டால்மாடி என்ற வெனிசுவேலா பகுப்பாய்வாளர், வங்கி தானே வெளியிட்ட ஆண்டறிக்கைகளை மட்டும் வைத்துக்கொண்டு அதன் எண்கள் நடக்கமுடியாதவை என்று ஒரு பொருளாதார இதழில் எழுதினார். அதற்கு ரகசிய ஆவணம் எதுவும் தேவைப்படவில்லை. பிப்ரவரி 17 அன்று ஆணையம் வழக்குத் தொடுத்தது. ஆன்டிகுவாவில் ஸ்டான்ஃபோர்டின் உள்ளூர் வங்கி முன் மக்கள் வரிசைகட்டி நின்றனர். கிழக்குக் கரீபிய மைய வங்கி அதைக் கையகப்படுத்தியது. 2012 மார்ச் மாதம் நடுவர் குழு 14 குற்றச்சாட்டுகளில் 13இல் ஸ்டான்ஃபோர்டைக் குற்றவாளி என்றது. ஜூனில் 110 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. டேவிஸுக்கு ஐந்தாண்டு.

பணத்தை மீட்பது அதைவிட நீண்ட கதை. அமெரிக்க நீதிமன்றம் ஒரு சொத்துக் காப்பாளரை நியமித்தது. ஆன்டிகுவா நீதிமன்றம் தனியாகக் கலைப்பாளர்களை நியமித்தது. மூன்று நாடுகளில் முடக்கப்பட்டிருந்த சொத்துகளுக்கு இரு தரப்பும் உரிமை கோரிச் சண்டையிட்டன. தரகு நிறுவனங்கள் திவாலானால் வாடிக்கையாளருக்கு ஈடு கொடுக்கும் அமெரிக்கப் பாதுகாப்புக் கழகம் தனக்குப் பொறுப்பில்லை என்றது. சான்றிதழ்களை விற்றது ஹூஸ்டன் தரகு நிறுவனம் என்றாலும், பணத்தை வைத்திருந்தது ஆன்டிகுவா வங்கி என்பது அதன் வாதம். 2014இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது. எஞ்சிய வழி, ஸ்டான்ஃபோர்ட் வங்கியின் பணம் கடந்துபோன பெரிய வங்கிகள் மீது வழக்குத் தொடுப்பதே. 2023இல், விசாரணை தொடங்கவிருந்த நேரத்தில், ஐந்து வங்கிகள் தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமல் சுமார் 160 கோடி டாலர் தர இசைந்தன. அதில் கனடாவின் டொரொன்டோ டொமினியன் வங்கி மட்டும் 120 கோடிக்குச் சற்று அதிகம். அப்போது வங்கி மூடப்பட்டுப் பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.