செவிலியர் பட்டமும் தர்மபுரிப் பெண்களும்



இந்த ஆண்டு நினைவுப் பேருரையில் நர்சிங் கல்லூரிகளைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும், நம் மன்றத்திலேயே சிலர், "இதில் வரலாறு என்ன இருக்கிறது?" என்று கேட்டார்கள். பஞ்சமி நிலத்தையும் கோயில் நுழைவையும் பேசிப் பழகிய மேடை இது. ஆனால் அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, நல்லம்பள்ளிப் பக்கத்துச் சேரிகளுக்குப் போகும்போது, வீட்டின் முதல் பட்டதாரி பெண்ணாக இருந்தால் என்ன படித்தார் என்று கேட்பது நம் வழக்கம். ஆசிரியர் பயிற்சி என்பார்கள், இல்லையென்றால் நர்சிங் என்பார்கள். இரண்டாவது பதில் எப்படி வந்தது என்பதைச் சொல்லத்தான் இந்த உரை.

பிறரின் உடலைத் தொட்டுச் செய்யும் வேலை நம் நாட்டில் யாருக்கு விதிக்கப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைப்பேறு பார்த்துத் தொப்புள்கொடி அறுத்தவர்கள் பெரும்பாலும் நாவிதர் வீட்டுப் பெண்கள், சில ஊர்களில் பறையர் வீட்டுப் பெண்கள். தீட்டுத் துணியை வெளுத்தவர்கள் வண்ணார் பெண்கள். 'மருத்துவச்சி' என்ற சொல்லுக்குள்ளேயே மருத்துவம் இருக்கிறது. கூலி மட்டும் படிக்கணக்கில் தானியமும் ஒரு பழஞ்சேலையும்தான். பிள்ளையைக் கையில் ஏந்தி எடுத்தவள் மறுநாள் அதே வீட்டுத் திண்ணையில் உட்கார முடியாது.

அதே வேலைக்குச் சான்றிதழ் தரும் ஏற்பாடு சென்னையில்தான் தொடங்கியது. 1854இல் அரசு மகப்பேறு மருத்துவமனையில் மருத்துவச்சிகளுக்கான பயிற்சியும், 1871இல் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சியும் வந்தன. சாதி இந்துக் குடும்பங்கள் பெண்களை அனுப்பவில்லை. ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர், கிறிஸ்தவம் தழுவிய குடும்பத்துப் பெண்கள்தான் முதலில் உள்ளே போனார்கள். 1926இல் சென்னை மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம் வந்தது. பயிற்சி பெற்றவர் பெயர் பதிவேட்டில் ஏறியது. எழுத்தறியாமல் கைப்பழக்கத்தால் கற்றவள் அந்தப் பதிவேட்டுக்கு வெளியே நின்றாள்.

பட்டப் படிப்பு 1946இல் பிறந்தது. டெல்லியிலும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் அதே ஆண்டில் பி.எஸ்சி. நர்சிங் தொடங்கியது. போர் குழு அறிக்கை கொடுத்ததும் அந்த ஆண்டுதான். (யுத்தம் பற்றிய குழு இல்லை. ஜோசப் போர் என்பவர் தலைமை ஏற்ற சுகாதாரக் குழு.) பிரிட்டிஷ் இந்தியாவில் ஏறக்குறைய 7,000 செவிலியர்தான் இருக்கிறார்கள், 43,000 பேருக்கு ஒருவர் என்று அந்த அறிக்கை கணக்குச் சொன்னது. அதற்குச் சற்று முன்பு, வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த அம்பேத்கர், தீண்டப்படாத மாணவர்களின் உயர்கல்விக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்று 1942இல் மனு கொடுத்தார். 1944இல் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை வந்தது.

உதவித்தொகை 1944, பட்டம் 1946. இடையே இரண்டே ஆண்டு. வேலூர் நமக்குத் தூர தேசமும் இல்லை. ஆனாலும் இந்த இரண்டும் சேர்ந்து தர்மபுரிச் சேரிப் பெண்ணின் வீட்டு வாசலுக்கு வர அறுபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. உதவித்தொகைக்கு முதலில் மெட்ரிக் தேற வேண்டுமே! 1965இல் சேலத்திலிருந்து பிரிந்த இந்த மாவட்டம், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் தமிழ்நாட்டில் எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டமாகவே இருந்தது.

இடைவெளியை நிரப்பியவை சிறிய தனியார் கல்லூரிகள். 1988இல் இயங்கத் தொடங்கிய எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பைப் பெற்று அவை ஊர் ஊராக வந்தன. மூன்று மாடிக் கட்டடம், பொம்மை நோயாளி படுத்திருக்கும் ஆய்வகம், மஞ்சள் பேருந்து. நான்காண்டு பி.எஸ்சி., டிப்ளமோ முடித்தவர்களுக்கு இரண்டாண்டு போஸ்ட் பேசிக், சில இடங்களில் விரல்விட்டு எண்ணும் அளவு இடங்களோடு இரண்டாண்டு எம்.எஸ்சி. கல்லூரிக்குச் சொந்தமாகக் குறைந்தது 100 படுக்கை உள்ள மருத்துவமனை வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. நடைமுறையில் நம் பிள்ளைகள் உண்மையான நோயாளியைப் பார்த்துக் கற்றது பெரும்பாலும் அரசு மருத்துவமனை வார்டுகளில். இந்தக் கல்லூரிகளை வியாபாரம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது நமக்கு எளிது. அவை வியாபாரம்தான். ஆனால் வேறு எந்தக் கதவும் திறக்காத காலத்தில் இந்தக் கதவு திறந்திருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது.

2012ஆம் ஆண்டில் சற்று நிற்க வேண்டும். நெடுங்காலம் அரசுப் பயிற்சிப் பள்ளியில் படித்தவர்களுக்கே அரசுச் செவிலியர் பணி என்றிருந்தது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அமைந்த அந்த ஆண்டில் தனியார் கல்லூரியில் படித்தவர்களுக்கும் வழி விடப்பட்டது. செப்டம்பர் 11 அன்று ஆதிதிராவிடர் நலத்துறை அரசாணை 92 வெளியானது. சுயநிதிக் கல்லூரியில் சேரும் பட்டியல் சாதி, பழங்குடி, மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிட மாணவர்களின் கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்றது அது. கட்டட வேலைக்குப் பெங்களூரு போகும் பெற்றோரின் மகள் அந்த ஆணையின் பெயரால் கல்லூரிப் படியேறினாள்.

இரண்டு மாதம் ஆகவில்லை. நவம்பர் 7 அன்று நத்தம் காலனி, கொண்டம்பட்டி, அண்ணா நகரில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் கொளுத்தப்பட்டன, சூறையாடப்பட்டன. பீரோக்களை உடைத்து நகையை எடுத்தார்கள். மதிப்பெண் பட்டியலும் சாதிச் சான்றும் சாம்பலாயின. சாதிச் சான்றும் வருமானச் சான்றும் இல்லாமல் அரசாணை 92 வெறும் தாள். அந்தத் தீ எதைக் குறி வைத்தது என்று இன்னும் நாம் போதுமான அளவு எழுதவில்லை.

பிறகு காகிதத்தாலேயே கதவு சுருங்கியது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தாலும் அரசு ஒதுக்கீட்டுக் கட்டண அளவுக்குத்தான் தருவோம் என்று 2017இல் மாநில அரசு மாற்றியது. நிர்வாக ஒதுக்கீட்டு மாணவருக்கு உதவித்தொகையே இல்லை என்று 2018இல் ஒன்றிய அரசின் விதி வந்தது. சிறுபான்மை அல்லாத சுயநிதிக் கல்லூரிகளில் 65 விழுக்காடு இடம் அரசு ஒதுக்கீட்டுக்கு உரியது. கலந்தாய்வு வழியாக வந்தால் சிக்கல் குறைவு. ஆனால் கலந்தாய்வுத் தேதி நம் காலனிக்குத் தெரிவதற்குள் புரோக்கர் வந்துவிடுகிறார். "பணமே கட்ட வேண்டாம், கவர்ன்மென்ட் கட்டும்" என்று அவர் சொல்லும்போது அது எந்த ஒதுக்கீடு என்று எந்தத் தாய் கேட்பாள்?

இதன் விளைவை நாம் நேரில் பார்த்தோம். உதவித்தொகை வரவில்லை என்று ஒரு கல்லூரி, படிப்பை முடித்த ஒரு மாணவியின் மூலச் சான்றிதழ்களைத் தர மறுத்தது. மூன்று முறை அவளோடு போய்த் திரும்பினோம். நான்காம் முறை ஆட்சியர் அலுவலகத்து மனுவின் நகலோடு போனபோதுதான் அலமாரி திறந்தது. அலுவலகத்தில் இருந்தவர் கெட்டவர் இல்லை, எங்களுக்குத் தேநீர்கூட வாங்கித் தந்தார். "மேலேருந்து சொல்றாங்க சார்" என்பதைத் தவிர அவரிடம் வேறு சொல் இல்லை.

பட்டம் பெற்ற பின் சம்பளம்? 2015இல் தேர்வு எழுதி அரசுப் பணிக்கு வந்தவர்களுக்கே மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடியதை நினைத்துப் பாருங்கள். 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று உச்ச நீதிமன்ற ஆணைப்படி அமைந்த குழு 2016இல் பரிந்துரைத்தது. பரிந்துரை பரிந்துரையாகவே இருக்கிறது.

அதனால்தான் முதுகலை நம்மவர்களுக்கு எட்டாமல் போகிறது. எம்.எஸ்சி. சேர பி.எஸ்சி.யில் 55 விழுக்காடு மதிப்பெண்ணும் ஓராண்டுப் பணி அனுபவமும் வேண்டும். உதவித்தொகை முதுகலைக்கும் உண்டு. ஆனால் முதல் சம்பளம் தம்பியின் படிப்புக்கும் வீட்டுக் கடனுக்கும் போகிறபோது, இரண்டாண்டு வருமானமில்லாமல் இருக்க எந்த வீடு விடும்? எம்.எஸ்சி. முடித்தவர்தான் விரிவுரையாளர் ஆகிறார், முதல்வர் ஆகிறார், செய்முறைத் தேர்வில் மதிப்பெண் போடுகிறார். வகுப்பறையில் நிறைய இருக்கிற நம் பெண்கள் ஆசிரியர் அறையில் எத்தனை பேர் என்று, இங்கு வந்திருக்கும் நர்சிங் மாணவிகள் நாளை கல்லூரியில் எண்ணிப் பார்த்து எங்களுக்கு எழுதுங்கள்.

நான்காம் முறை சான்றிதழ் வாங்கிய அந்தப் பெண் இப்போது பெங்களூருவில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணி பார்க்கிறாள். போன மாதம் தொலைபேசியில், "அண்ணா, எம்.எஸ்சி. ஃபார்ம் போடலாம்னு இருக்கேன். அனுபவச் சான்று கேக்குறாங்க, முதல்ல வேலை பாத்த ஆஸ்பத்திரி இன்னும் தரமாட்டேங்குது" என்றாள். அடுத்த திங்கட்கிழமை நம் மன்றத்திலிருந்து இரண்டு பேர் அந்த மருத்துவமனைக்குப் போகிறோம்.