குழந்தைப் பாதுகாப்புக் கூட்டுப்பணி (இங்கிலாந்து)

குழந்தைகளைக் கொடுமையிலிருந்தும் புறக்கணிப்பிலிருந்தும் காக்க உள்ளாட்சி மன்றங்களும் காவல்துறையும் சட்டப்படி இணைந்து செயல்படும் முறை. இதற்கு அடிப்படை 1989ஆம் ஆண்டுச் சிறார் சட்டம். ஒரு குழந்தைக்குக் கடுந்தீங்கு நேரக்கூடும் என்று ஐயுற நியாயமான காரணம் இருந்தால், 47ஆம் பிரிவின்படி மன்றம் விசாரித்தாக வேண்டும். சமூகப் பணியாளர், காவலர், மருத்துவத் துறையினர் கலந்து பேசி, விசாரணை தனித்தா கூட்டாகவா என முடிவெடுப்பர். உடனடி ஆபத்தில் 46ஆம் பிரிவே கைகொடுக்கிறது: நீதிமன்ற ஆணையின்றியே காவல்துறை குழந்தையை 72 மணி நேரம் வரை பாதுகாப்பில் வைக்கலாம். அதற்கு மேலும் பாதுகாப்பு தேவையெனில் நீதிமன்ற ஆணை வேண்டும்.

2000இல் லண்டனில் விக்டோரியா கிளிம்பி என்ற எட்டு வயதுச் சிறுமி வதைக்கப்பட்டு இறந்தாள். லேமிங் பிரபுவின் விசாரணை அறிக்கை (2003), அவளைக் காக்கக் கிடைத்த வாய்ப்புகளைப் பல துறைகளும் அடுத்தடுத்துத் தவறவிட்டதை வெளிப்படுத்தியது. இதையடுத்து 2004ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளூர்ப் பாதுகாப்பு வாரியங்களை ஏற்படுத்தியது. 2017ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை நீக்கி, மன்றம், காவல்துறை, உள்ளூர்ச் சுகாதார அமைப்பு மூன்றுக்கும் கூட்டுப் பொறுப்பு வழங்கியது.